ஞாயிற்றுக்கிழமைக் காற்று

நேற்று மாலை ஐந்து மணியிலிருந்து இன்று மாலை ஐந்து மணிவரை அங்கம்மாளின் கிணற்றைக் கடந்து போன காற்று நூற்றுப் பதினெட்டு மைல். நோட்டில் அப்படித்தான் எழுதினாள். எழுதும்போதே முந்தானை முகத்தில் அடித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத வேண்டியிருந்தது.

"பொய்," என்றாள் கம்பத்தைப் பார்த்து.

கம்பம் இரண்டு ஆள் உயரம். உச்சியில் நான்கு அலுமினியக் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு கம்பி இறங்கி, நெஞ்சு உயரத்தில் இருந்த பெட்டிக்குள் போயிற்று. பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் எண்கள். எத்தனை மைல் காற்று போயிற்று என்று அந்த எண்கள் சொல்லும். அதைக் கொண்டுவந்து நட்டவர் அரசாங்கத்தின் கிராம சேவக் வேலுமணி. தொப்பம்பட்டிப் பக்கத்துப் பையன். யாரிடமும் "ஏனுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

"ஏனுங்க அக்கா, ஆனி, ஆடி ரெண்டு மாசம். தினமும் அஞ்சு மணிக்கு எழுதுங்க. ஒரு நாளைக்கு நூத்துத் தொண்ணூத்திரண்டு மைல் சராசரியா வந்தா, தண்ணி எறைக்கிற காத்தாலை உங்க கெணத்துக்குத்தானுங்க. வரலைன்னா வேற ஊருக்குப் போயிரும்."

1961ஆம் வருஷம் அது. மின்சாரக் கம்பங்கள் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லோடு நின்றுவிட்டன. மில்லுக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த அங்கம்மாளின் தோட்டத்துக்கு அவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயமும் மிளகாயும் கிணற்று நீர் இறைக்கும் கமலையை நம்பி இருந்தன. கமலை இரண்டு மாடுகளை நம்பி இருந்தது. அவற்றில் ஒன்று முன்னங்கால் வீங்கி ஒரு மாதமாகத் தொழுவத்தில் நின்றது. மீதி ஒன்றைக் கட்டி, தானும் வடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கம்மாள் இறைத்தாள். பாதி வயல்தான் நனைந்தது. அவளுக்குக் காற்றாலை வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

காற்றுக்கா பஞ்சம்? ஆனி பிறந்தால் அந்த மேட்டில் தலையில் புல்லுக்கட்டோடு நிற்க முடியாது. போன வருஷம் தொழுவத்துக் கூரை பறந்து போய் பக்கத்துச் சோளக்காட்டில் உட்கார்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நூற்றுப் பதினெட்டாம்.

அவள் புருஷன் சடையாண்டி மில் பஸ் ஓட்டுகிறவன். இரவுச் சாப்பாட்டில் நோட்டை வாங்கிப் பார்த்தான்.

"நூத்திப் பதினெட்டுன்னா கொறச்சலா புள்ள? இங்கருந்து திருச்சி போயி முக்கால்வாசி திரும்பியாச்சே."

"எனக்கு முழுசாத் திரும்பி வந்து, இன்னொரு தரம் திருச்சி போகணும்."

"எண்ணெய் கிண்ணெய் போட்டியா அதுக்கு?"

"நட்ட அன்னைக்கே மை வச்சேன். வண்டிப் பைதா மாதிரி சுத்துற சாமான்தானே. வண்டி மைதான்."

சடையாண்டி சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தான். வண்டி மை என்பது விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தது. நெல் மூட்டை ஏற்றிய வண்டியின் அச்சுக்கு உரியது.

"ஏ புள்ள, அது தட்டாம்பூச்சி. நீ எருமைக்கு வைக்கிற தீனிய வச்சிருக்க."

மறுநாள் விடிந்ததும் இருவரும் கம்பத்தைச் சாய்த்தார்கள். உச்சியில் இருந்த மை தூசியைக் குடித்து அல்வாவாகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துணியால் துடைத்தாள். மறுபடி நட்டதும் கிண்ணங்கள் விர்ரென்று சுற்றின. கூடவே ஒரு கிறீச் சத்தமும் வந்தது. கம்பி வழியாக இறங்கிக் கம்பம் முழுக்கக் கேட்டது. அங்கம்மாளுக்கு அந்தச் சத்தம் பிடித்தது. வேலை செய்கிறது என்று தெரிகிறதே.

அன்று மாலை நூற்று முப்பத்தொன்று. அடுத்த நாள் நூற்று இருபத்தொன்பது. அதற்கு மேல் ஏறவில்லை.

"சாமானே கோளாறா இருக்கும்," என்றான் சடையாண்டி. "என் பஸ்ஸு மைல்மீட்டர் எட்டு வருசமா ஒரே எடத்துல நிக்குது. அது மாதிரி."

"அப்ப சரியா தப்பான்னு எப்படிப் பாக்குறது?"

"தெரிஞ்ச மைலுல ஓட்டிப் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவன் படுத்துவிட்டான். அவள் விடவில்லை. மூன்றாம் நாள் விடியலில் கம்பம் மில் பஸ்ஸின் கூரையில், சாமான் வைக்கும் கம்பிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் அங்கம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற பஸ் காலியாக மேற்கே போகும். ஒட்டன்சத்திரம் சாலையில் ஐந்தாம் கல்லுக்கும் பத்தாம் கல்லுக்கும் நடுவே ஊரும் இல்லை, நிறுத்தமும் இல்லை.

"இருபதுக்கு மேல போகாதீங்க!" என்று கீழே பார்த்துக் கத்தினாள்.

"மேல போனா நான் ஏன் இந்த பஸ்ஸை ஓட்டுறேன்?" என்று கீழிருந்து பதில் வந்தது.

ஐந்தாம் கல்லில் எண்ணைப் பார்த்தாள். பத்தாம் கல்லில் பார்த்தாள். ஆறு மைல் ஓடியிருந்தது.

அவளுக்கு விளங்கவில்லை. போனது ஐந்து, காட்டியது ஆறு. குறைவாகக் காட்டும் என்று நினைத்து வந்தால் கூடுதலாகக் காட்டுகிறது. அப்படியானால் கிணற்றடியில் போகிற காற்று நூற்று முப்பதுகூட இல்லையா?

பத்தாம் கல்லுக்கு அப்பால் மில் ஆட்கள் ஏறினார்கள். நூற்புப் பிரிவில் வேலை செய்யும் புஷ்பமேரி ஏறுமுன் அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு, அங்கம்மாக்காவா? என்னக்கா, டிக்கெட் இல்லைன்னு மேல ஏத்திட்டாரா அண்ணன்?"

"காத்தை அளக்குறேன்டி."

"அளந்து எனக்கும் ரெண்டு படி குடு. உள்ள வேகுது."

திரும்பும்போது பத்தாம் கல்லிலிருந்து ஐந்தாம் கல்வரை நான்கு மைல்தான் ஓடியிருந்தது. அங்கம்மாள் கூரையில் உட்கார்ந்து யோசித்தாள். போகும்போது முகத்தில் காற்று அடித்தது. வரும்போது முதுகில் தள்ளியது. போகும்போது காற்று ஒரு மைலைக் கூட்டியிருக்கிறது. வரும்போது அதே ஒரு மைலைக் கழித்திருக்கிறது. ஆறும் நாலும் பத்து. பஸ் ஓடியதும் பத்து.

மில் வாசலில் இறங்கும்போது அவள் தலைமுடி காக்கைக் கூடு மாதிரி இருந்தது. முகம் மலர்ந்திருந்தது.

"சாமான் சரிங்க. ஒரு துளி பொய்கூடச் சொல்லலை."

"அப்ப காத்துதான் பொய் சொல்லுது," என்றான் சடையாண்டி.

வீடு திரும்பியதும் அவள் கம்பத்தை மறுபடி கிணற்றடியில் நட்டாள்.

ஆனி முடிந்த அன்று நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். வண்டி மை தின்ற நாட்களை விட்டுவிட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. நூற்று முப்பது, நூற்று இருபத்தேழு, நூற்று முப்பத்து நாலு. திடீரென்று ஒரு இருநூற்று மூன்று. மறுபடி நூற்று முப்பதுகள். மறுபடி ஒரு இருநூறு. இருநூறு வந்த நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

சடையாண்டி அண்ணாந்து சிரித்தான். "காத்து வேதத்துல சேந்துருச்சு. ஞாயித்துக்கிழமையானா மாதா கோயிலுக்கு ஓடுது."

மறுநாள் மில் வாசலில் இதைப் புஷ்பமேரியிடம் சொன்னாள். அங்கம்மாள் தினமும் பதினோரு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுவாள். சடையாண்டிக்குச் சோறு கொடுத்துவிட்டு, காய்கறிக் கூடையோடு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். நாலு மணிச் சங்கு ஊதி ஷிப்டு விட்டதும் வியாபாரம். பிறகு பஸ்ஸில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மில் லீவு, அவளும் போகமாட்டாள்.

புஷ்பமேரி கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க சாமியைச் சொல்லாதீங்கக்கா. இது மில்லுக்காரன் வேலை. உள்ள ஒரு காத்தாடி இருக்கு, நம்ம கெணறு அகலம். வெளிக்காத்தை உறிஞ்சி உள்ள விடுது. ஞாயித்துக்கிழமை அதை நிப்பாட்டிருவாங்க."

"ரெண்டு மைல் தள்ளி இருக்குற காத்தையுமா உறிஞ்சும்?"

"அம்புட்டுப் பெருசுக்கா."

அங்கம்மாள் நம்பவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை மில்லில் கொதிகலன் கழுவ ஒரு நாள் லீவு விட்டார்கள். அன்று மாலை பெட்டி இருநூற்று ஆறு காட்டியது. அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இருநூற்று ஆறுதான்.

வேலுமணி சைக்கிளில் வந்து இறங்கியதும் சொன்னாள்.

"தம்பி, மில்லு என் காத்தைத் திங்குது."

வேலுமணி நோட்டைப் பார்த்தார். மில் இருக்கும் கிழக்கைப் பார்த்தார். காற்று வரும் மேற்கைப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, காத்து இங்க வந்துட்டுத்தானுங்களே அங்க போகுது? பந்தியில மொத எல உங்களுது. கடைசி எலக்காரன் உங்க சோத்தை எப்படித் திங்க முடியும்?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"ஒண்ணு பண்ணுங்க. வேலை நாள் ஒண்ணுல எங்கயும் போகாம மணிக்கு ஒரு தரம் எழுதுங்க. எந்த மணியில குறையுதுன்னு பாக்கலாம். ஆனா பாருங்க, ஆடி பத்தாச்சு. இப்படியே போனா நூத்தி நாப்பது தாண்டாது. நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

மறுநாள் சோற்றுத் தூக்கைக் காலையிலேயே சடையாண்டியிடம் கொடுத்தனுப்பினாள். மணிக்கு ஒரு தரம் வீட்டிலிருந்து கிணற்றடிக்கு நடந்தாள். எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ஏழு மைல். பத்துக்குள் ஒன்பது. பதினொன்றுக்குள் பன்னிரண்டு. பன்னிரண்டுக்குள் பதினாறு. காற்று ஏறிக்கொண்டே போயிற்று. எண்ணும் ஏறிக்கொண்டே போயிற்று. கோளாறு எதுவும் இல்லை. மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் கூழ் குடித்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பி வந்தாள்.

அரை மைல்.

அண்ணாந்து பார்த்தாள். கிண்ணங்கள் அசையவில்லை. ஆடிக் காற்று அவள் காதில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கிண்ணங்கள் கும்பிட்ட கை மாதிரி நின்றன. அவற்றில் ஒன்றின் கழுத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற துறட்டியின் கொக்கி மாட்டியிருந்தது. துறட்டியின் அடிக்கோல் கம்பத்தோடு சேர்த்து, ஒரு பழைய சேலைக் கிழிசலால் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது.

கம்பத்துக்கும் கமலைக் காலுக்கும் குறுக்கே ஒரு தூளி. மேலே ஓலைப்பாய் நிழல். தூளிக்குள் ஒரு பிள்ளை, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பக்கத்தில் இன்னொரு தூளி. அதிலும் ஒன்று.

"யாரு இதைக் கட்டுனது?" அங்கம்மாளின் குரல் வயலின் அந்தக் கடைசிவரை கேட்டது.

வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் முத்துப்பேச்சி எழுந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மதினி, மெதுவா! இப்பத்தான் கண்ணசந்தான்."

"துறட்டியை யாருடி மாட்டினது?"

"நான்தான். கிறீச்சு கிறீச்சுன்னு ஒரே சத்தம். காதுல ஊசி குத்துன மாதிரி. சின்னவன் முழிச்சு அழுதா, அவன் சத்தத்துல மத்தது முழிக்கும். ஒருத்தி களை எடுக்க முடியாது."

"தினமுமா?"

"தினமும் இல்ல, மதினி. மில்லு லீவுன்னா இல்ல. அன்னைக்கு அவுக அப்பன்காரன் வீட்டுல இருப்பான்ல, அவன்கிட்ட விட்டுட்டு வந்துருவேன். மத்த நாளு பன்னெண்டு மணிச் சங்குக்குக் கஞ்சியக் குடிச்சுட்டுத் தூளியில போடுவேன், மாட்டிருவேன். நாலு மணிச் சங்குக்கு எடுத்துருவேன். போற வழியில ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும்ல."

அங்கம்மாள் கமலைக் கல்லில் உட்கார்ந்தாள். பன்னிரண்டிலிருந்து நாலு. காற்று உச்சத்தில் இருக்கிற நாலு மணி நேரம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியது அவள். அதனால் சத்தம் வந்தது. சத்தத்தால் பிள்ளை அழுதது.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே மதினி. மில்லைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீக."

அங்கம்மாளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சேலையை வாயில் அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் முழிக்காமல், தோள் குலுங்கச் சிரித்தாள். முத்துப்பேச்சிக்கு எதுவும் விளங்கவில்லை. அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் சடையாண்டி வேடசந்தூர்த் தையல்காரர் ஒருவரிடம் மெஷின் எண்ணெய் கொஞ்சம் வாங்கி வந்தான். இரண்டு சொட்டு. சத்தம் நின்றது. மறுநாள் பிள்ளைகள் தூங்கின, கிண்ணங்கள் சுற்றின, மாலையில் பெட்டி இருநூற்றுப் பதினொன்று காட்டியது.

வேலுமணி வந்து கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கோளாறு தெரிஞ்சது நல்லதுங்க. ஆனா போன நாப்பது நாள் போனதுதானுங்களே. இனிமே தினமும் இருநூத்திப் பத்து வந்தாலும் சராசரி எட்டாது." சற்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்க அக்கா, அந்த நாலு மணிக்கு எவ்வளவு போயிருக்கும்னு நமக்குத் தெரியும். அறுபது, எழுபது. பழைய நாளெல்லாம் அதைக் கூட்டி புது நோட்டுல எழுதிட்டா என்னங்க? பொய் இல்லையே. அடிச்ச காத்துதானே."

அங்கம்மாள் நோட்டைப் பார்த்தாள். காற்றாலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"வேணாம் தம்பி. நான் பாக்காததை எழுதினா, பாத்து எழுதினதும் பொய்யாப் போயிரும். நடந்ததை எழுதிருவோம்."

"எங்க எழுதறது?"

"இங்க ஒரு காலி எடம் இருக்குல்ல?"

'குறிப்பு' என்று தலைப்பிட்ட கட்டம் அது. அறுபது நாளுக்கும் அதில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். அங்கம்மாள் முதல் நாளிலிருந்து எழுத ஆரம்பித்தாள். முதல் வாரத்துக்கு: 'வண்டி மை வைத்ததால் மெதுவாகச் சுற்றியது.' பிறகு ஒவ்வொரு வேலை நாளுக்கும்: 'பிள்ளைகள் தூங்குவதற்காக 12 மணி முதல் 4 மணி வரை துறட்டி மாட்டப்பட்டது.' ஒரு நாளுக்கு: 'காலை பஸ்ஸில் போய் வந்தது. அந்தப் பத்து மைல் கழிக்கப்பட்டது.' ஞாயிறுகளுக்கு: 'துறட்டி இல்லை.'

வேலுமணி படிக்கப் படிக்க வெளிறினார்.

"இதை நான் திண்டுக்கல் ஆபீசுக்கு அனுப்பணுங்க. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு வரட்டும்."

ஆடி முடிந்து நோட்டு போயிற்று. ஒரு வாரம் பேச்சில்லை. கால் வீங்கிய மாடு இன்னும் தேறவில்லை. அங்கம்மாள் வடத்தைப் பிடித்து இறைத்தாள். மனதில் காற்றாலையைப் பாதி விட்டுவிட்டாள். மீதியை விட முடியவில்லை.

எட்டாம் நாள் நடுப்பகலில் ஒரு ஜீப் வந்தது. வேலுமணியோடு ஒரு என்ஜினீயர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, தலையில் வட்டத் தொப்பி. இறங்கி இரண்டடி வைப்பதற்குள் தொப்பி எழும்பி மிளகாய்ச் செடிகளுக்கு மேலே போயிற்று. வேலுமணி அதன் பின்னால் ஓடினார். என்ஜினீயர் ஓடவில்லை. தொப்பி போகிற வேகத்தைக் கண்ணால் அளந்துகொண்டு நின்றார்.

"இந்த நோட்டை எழுதினது யாரும்மா?"

"நான்தாங்க."

"எங்க ஆபீசுல எல்லாரும் படிச்சாங்க. ஒருத்தரு வீட்டுக்குக் கொண்டுபோயி சம்சாரத்துக்கும் படிச்சுக் காட்டியிருக்காரு." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மூணு ஊருல இருந்து நோட்டு வந்துது. ரெண்டுல தெனமும் இருநூத்தி அஞ்சு, இருநூத்தி அஞ்சு, இருநூத்தி அஞ்சு. காத்து கடிகாரமாம்மா? உங்க நோட்டுலதான் கொறஞ்சா ஏன் கொறஞ்சுதுன்னு இருக்கு."

"அப்ப சராசரி?"

"துறட்டி மாட்டின நாளையெல்லாம் விட்டுருங்க. வண்டி மையையும் விட்டுருங்க. மீதி இருபத்தாறு நாள் இருக்கு. நான் கூட்டிப் பாத்தேன். இருநூத்தி நாலு." அவர் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். "அது போதும். தண்ணி எத்தனை அடியில?"

அங்கம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். முத்துப்பேச்சிதான் பாத்தியிலிருந்து கத்தினாள்: "முப்பத்தெட்டு அடிங்க!"

என்ஜினீயர் கிணற்றடியைச் சுற்றி வந்தார். காற்றாலையின் நாலு காலுக்கு நாலு இடம் என்றார். காலடியால் அளந்து, ஜீப்பிலிருந்து கொண்டுவந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடித்தார். மூன்று குச்சி கிணற்று மேட்டில் விழுந்தன. நாலாவது வெங்காயப் பாத்திக்குள் போய் நின்றது.

"சார், அங்க வேணாம் சார்," என்று முத்துப்பேச்சி பதறினாள். "முந்தாநேத்துத்தான் களை எடுத்தேன். இன்னும் பத்து நாள்ல முத்திரும்."

"அப்ப பத்து நாள் கழிச்சு வரட்டுமா?" என்றார் என்ஜினீயர் அங்கம்மாளைப் பார்த்து.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அங்கம்மாள் பாத்திக்குள் இறங்கியிருந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் போட்டாள். மண் சிதறியது. காற்று அதை வாரி எல்லோர் மேலும் இறைத்தது.

"இந்தாங்க, இம்புட்டு எடம் போதுமா?" என்றாள் நிமிராமலே. "போதலைன்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு வரி எடுத்துர்றேன்."